ஆத்தங்குடித் தளமும் கரையானும்: பாதியில் காலியான வாடகை வீட்டைச் சரிசெய்த விவரம்

கோட்டையூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டின் பின்கட்டைத் தனிக் குடித்தனமாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு அறை, சமையலறை, மேலே பரண், பின்னால் கிணற்றடி. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கிற வண்ண சிமென்ட் தரைக்கல். போன ஐப்பசி மழையில் அங்கே கரையான் கிளம்பியது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் பாதிகூட ஓடாத நிலையில், குடியிருந்தவர்கள் காலி செய்ய வேண்டி வந்தது. கணக்குத் தீர்த்தது, மருந்து வைத்தது, அடுத்த ஒப்பந்தத்தில் மாற்றியது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். செட்டிநாட்டில் பழைய வீட்டை வாடகைக்கு விடுகிற எவருக்கும் என்றைக்காவது இது வரும். அப்போது 'செலவு யாருடையது' என்று ஒப்பந்தத்தைப் புரட்டுவதற்கு முன்னால் சுவரடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

குடியிருந்தவர் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மனைவி, கைக்குழந்தை. மழை விட்ட ஒரு சாயங்காலம் போன் செய்தார். "அண்ணே, ஈசல் வெளியே இருந்து வரலை. புத்தக அலமாரிக்குப் பின்னாடி, சுவரும் தரையும் சேருற இடத்துல இருந்து கிளம்புது" என்றார். அந்த ஒரு விவரமே போதுமானதாக இருந்தது. விளக்கைத் தேடி வெளியிலிருந்து வரும் ஈசல் எல்லா வீட்டுக்கும் வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளே, தரை இடுக்கிலிருந்து ஈசல் கிளம்பினால் புற்றுக்கும் வீட்டுக்கும் நேரடி வழி இருக்கிறது என்று அர்த்தம். ஈசலை அனுப்பும் அளவுக்குப் புற்று வளர சில வருடங்கள் பிடிக்கும். ஆகவே ஐந்து மாதத்துக்கு முன் குடிவந்தவர்கள் கொண்டுவந்த கரையானாக அது இருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அலமாரியை நகர்த்தியதும் சுவரில் பென்சில் பருமனில் மண்பாதை ஏறிப் பரணுக்குப் போயிருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் அதை உடைத்துவிட்டோம். உள்ளே வெள்ளையாகப் பூச்சிகள் ஓடின, நடுவே பழுப்புத் தலையோடு காவல்காரப் பூச்சிகள். மறுநாள் காலையில் உடைத்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தது. பாதையில் நடமாட்டம் இருக்கிறதா, பழைய காய்ந்த பாதைதானா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை. அதற்காகக் கோபத்தில் எல்லாப் பாதையையும் துடைப்பத்தால் தட்டிவிடக் கூடாது. மருந்து வைக்க வருகிறவருக்கு அந்தப் பாதைகள்தான் வழிகாட்டி. தட்டிவிட்டால் கரையான் வேறு வழி பிடிக்கும், நமக்குத் தடயமும் போய்விடும்.

ஆசாரி திருப்புளியின் கைப்பிடியால் மரம் மரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். கதவு நிலை பர்மா தேக்கு, 'ணங்' என்று கேட்டது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி அடைக்க வைத்திருந்த நாட்டுமரக் கட்டை 'பொத்' என்றது. பரணில் அப்பச்சி காலத்தில் போட்ட மாம்பலகைகள் இன்னும் மோசம். திருப்புளி முனையை வைத்து அழுத்தியதும் பெயின்ட் தோலைத் துளைத்துக்கொண்டு முழுசாக உள்ளே போய்விட்டது. உள்ளே நார் நாராக மண்ணடைத்த அடுக்குகள்தான் இருந்தன. பழைய வீடென்றாலே தேக்கு, கரையான் வராது என்று நம்மூரில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தேக்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும்தான் இருக்கும். ஆப்பு, சட்டம், பரண் பலகை, பின்னாளில் மாட்டிய அலமாரி எல்லாம் வேறு மரம்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்து, கீழே மாவு மாதிரிப் பொடி கொட்டிக் கிடந்தால் அது உளு. வண்டின் வேலை அது. உளு அந்த மரத்துக்குள்ளேயே வாழும், மரத்துக்கு மட்டும் மருந்து தடவினால் போதும். கரையானுக்கு மண்ணும் ஈரமும் வேண்டும், வேர் தரைக்குக் கீழே இருக்கும். மேலே மட்டும் மருந்தடித்தால் மறு மழைக்குத் திரும்ப வரும். எங்கள் வீட்டில் பொடி இல்லை, மண்தான்.

சரி, ஏன் இங்கே வந்தது? வெளிப்பக்கம் போய்ப் பார்த்தோம். அலமாரிச் சுவரின் மறுபக்கத்தில் துவைக்கிற கல். அதன் கழிவுநீர் போகிற குழாய் ஐயா காலத்து மண்குழாய், சுவருக்குள் நுழைகிற மூட்டில் விரிசல். தண்ணீர் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரடிக்குள் இறங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி, முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்புப் பூத்துக் கிடந்தது. கொத்தனார் அங்கே தோண்டியபோது பழைய பந்தல் காலின் அடிக்கட்டை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வந்தது, பாதி தின்ற நிலையில். ஈரமான செம்மண், புதைந்த மரம், பக்கத்திலேயே சுவர். கரையானுக்கு வேறென்ன வேண்டும்!

குடியிருந்தவர்கள் அட்டைப்பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார்கள் என்பது உண்மை. கீழ்ப்பெட்டியில் இருந்த புத்தகங்கள் நடுப்பக்கம் இல்லாமல் மண்ணாகியிருந்தன. எங்கள் உறவில் ஒருவர், "பெட்டியை ஒட்டி வச்சது அவங்கதானே, அவங்க கிட்டயே வாங்கு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியைத் தள்ளி வைத்திருந்தால் புத்தகம் தப்பித்திருக்கும், கரையான் வராமல் இருந்திருக்காது. குழாய் எங்களுடையது, கட்டை எங்களுடையது, புற்றும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. செலவு எங்களுடையதுதான்.

சட்டமும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் சாய்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணையில் வீட்டு உரிமையாளர் செய்ய வேண்டிய பழுது எது, குடியிருப்பவர் செய்ய வேண்டியது எது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவர் பக்கம். கரையானைப் பற்றி அந்த அட்டவணையில் தனியாக எதுவும் இல்லை. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது முக்கியமாகிறது. எங்கள் வீட்டில் காரணம் குழாயும் அடித்தளமும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலும் ஒரு பழைய விதி உண்டு: செய்ய வேண்டிய பழுதை உரிமையாளர் அறிவிப்புக்குப் பிறகும் செய்யாமல் விட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் செலவு நம்மை விட்டுப் போய்விடாது, கணக்கு மட்டும் நம் கையை விட்டுப் போகும்.

மருந்து வைக்க வேண்டும் என்றதும் அந்தத் தம்பி தயங்கினார். தவழுகிற குழந்தை, எல்லாச் சுவரோரத்திலும் துளை, பரண் பலகையை இறக்க வேண்டும், சமையலறையை மொத்தமாகக் காலி செய்ய வேண்டும். மனைவி, "அண்ணே, நாங்க வேற வீடு பார்த்துக்கிறோமே, தப்பா நினைக்காதீங்க" என்றார். ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர்கள் அந்தப் பணம் போய்விடும் என்று நினைத்தே பேசினார்கள்.

நான் அதைப் பிடிக்கவில்லை. அந்த விதியை எழுதியபோது என்ன நினைத்தோம்? வேறு ஊருக்கு மாறுதல், வேறு வீடு பிடித்துப்போனது என்று அவர்கள் வசதிக்காகக் கிளம்பினால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை எங்களுக்கு ஒரு ஈடு. இங்கே வீடுதான் குடியிருக்கத் தோதாக இல்லாமல் போனது. அதற்கு அவர்களிடம் அபராதம் வாங்குவது நியாயமில்லை. நடைமுறையிலும் அது நல்லதில்லை. மனக்கசப்போடு போகிறவர் சாவியைத் தாமதமாகத் தருவார், ஊர் முழுக்கச் சொல்வார். காலி வீட்டில் வேலை செய்வதுதான் எங்களுக்கும் தோது. குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். கொத்தனார், ஆசாரி, மருந்துக்காரர் என்று மாறி மாறி ஆள் போகிற வேலையில் கைக்குழந்தைக்காரர்கள் என்ன பாடுபடுவார்கள்!

நல்லபடியாகப் பேசிவிட்டோம் என்பதற்காக வாய்ப்பேச்சோடு நிறுத்தக் கூடாது. ஒரு பக்கத்தில் முடிவு ஒப்பந்தம் எழுதினோம். பழைய ஒப்பந்தத்தின் தேதி, பதிவு எண். இரு தரப்பும் மனமொத்து எந்தத் தேதியோடு முடித்துக்கொள்கிறோம். காரணம்: கட்டடத்தில் கரையான் பாதிப்பு. ஆறு மாத விதி இதற்குப் பொருந்தாது என்று உரிமையாளர் ஒப்புக்கொள்கிறார். முன்பணம் எவ்வளவு, கழிப்பது எவ்வளவு, திருப்பித் தருவது எவ்வளவு, எந்த வழியில். எத்தனை சாவி கைமாறியது. இனி ஒருவருக்கொருவர் பாக்கியில்லை. கீழே இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி.

கணக்கு இப்படி: மாத வாடகை 9,000, முன்பணம் 27,000. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை சட்டம் சொல்லும் அளவும் அதுவே. கரையான் தெரியவந்த மாதத்தின் வாடகையை வாங்கவில்லை, புத்தகங்களுக்கும் அந்த அலைச்சலுக்கும் ஈடாக அதை விட்டுக்கொடுத்தோம். ஆணியடித்த இடங்கள், பெயின்ட் அழுக்கு இதற்கெல்லாம் எதுவும் கழிக்கவில்லை. சுவரை எப்படியும் உடைக்கப்போகிறோம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். நாங்கள் சாவி வாங்கிய அன்றே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டோம். கையில் ரொக்கமாகக் கொடுப்பதைவிட இது நல்லது, தேதியும் தொகையும் அதிலேயே இருக்கும்.

கரண்டு பில்லில் ஒரு சிக்கல் வரும், பலர் இதில்தான் சண்டை போடுவார்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள். நடுவில் காலி செய்தால் பில் இன்னும் வந்திருக்காது. முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் கூடும் என்பதால், நாள் கணக்கில் பில்லைப் பிரித்தால் ஒருவர் தலையில் அதிகம் விழும். சாவி வாங்கும்போது மீட்டரைப் போட்டோ எடுத்தோம். அதுவரை ஓடிய யூனிட்டுக்கு மட்டும், அது ஒரு தனி பில்லாக இருந்தால் எவ்வளவு வருமோ அதைக் கழித்துக்கொண்டோம்.

இனி வேலை. மருந்து வைக்க வந்து பார்த்த முதல் நிறுவனம் பாதை தெரிகிற இடத்தில் மட்டும் தெளித்துவிட்டு, மூன்று வருட உத்தரவாதம் எழுதித் தருவதாகச் சொன்னது. மண்ணுக்குள் மருந்து போகாமல் தரும் உத்தரவாதம் எதற்கு? அவர்களை விட்டுவிட்டோம். இரண்டாவதாக வந்தவர் முதலில் கேட்டது, "ஈரம் எங்கேர்ந்து வருது?" என்று. அவரிடமே கொடுத்தோம்.

மருந்துக்கு முன் ஈரம். மண்குழாயை எடுத்துவிட்டு பிவிசி குழாய் போட்டோம், துவைக்கிற கல்லைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். புதைந்த கட்டை, வேர், மரத்துண்டு எல்லாம் தோண்டி எடுத்தோம். உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசச் சொன்னேன். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இதைக் கொத்தனாரிடம் வாதாடித்தான் செய்ய வேண்டியிருந்தது. சுவர் காய்கிறவரை காத்திருந்தோம், அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் துளை. வழக்கமான முறை, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, உட்பக்கமாகச் சாய்த்து, துளைக்கு ஒரு லிட்டர் மருந்துநீர். சாதாரண டைல்ஸ் வீட்டில் தரையிலேயே போட்டுவிட்டு வெள்ளை சிமென்டால் அடைத்துவிடுவார்கள். ஆத்தங்குடிக் கல்லில் அப்படிச் செய்யக் கூடாது. கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றி, பின்னால் சிமென்ட் கலவை வைத்து எடுக்கிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. வண்ண அடுக்கு மெல்லியது, ட்ரில்லை அதிர்வு முறையில் வைத்தால் ஓரம் பெயர்ந்து வரும். இன்றைக்கு அதே நிறத்தில் வாங்கினாலும் ஐயா காலத்துக் கல்லோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

நாங்கள் செய்தது: துளைகளைத் தரையில் போடாமல் தரைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில், சுவரில் போட்டோம். அங்கிருந்து கீழ்நோக்கி 45 பாகைச் சாய்வு. தரையில் ஓரக் கல்லின் மேல் பழைய சாக்கும் அதன்மேல் தார்ப்பாயும் விரித்தோம். துளை தொடங்கும்போது அதிர்வு இல்லாமல் சுழற்சியில் மட்டும், காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போன பிறகே அதிர்வு. மருந்தை ஒரே மூச்சில் ஏற்றவில்லை. சுண்ணாம்புச் சுவர் மெதுவாகத்தான் குடிக்கும். கொஞ்சம் விட்டு, இறங்கியதும் மறுபடி விட்டு, ஓரம் கசிந்தால் நிறுத்தி உடனே ஈரத்துணியால் துடைத்தோம். ஒரு கல்கூடப் பழுதாகவில்லை. நிலைப்படி ஓரத்தில் சுவரில் இடமில்லாத ஓரிடத்தில் மட்டும் ஆசாரி உளியால் ஓரக் கல் ஒன்றை முழுசாகப் பெயர்த்து எடுத்து, அடியில் மருந்து விட்டு, அதே கல்லைத் திரும்பப் பதித்தார். அவர் மெல்லிய பட்டை உளியை இடுக்கில் நுழைத்து, நான்கு பக்கமும் காரையைக் கீறிவிட்டு, அடியில் தட்டையாகச் செலுத்தி எழுப்பியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அத்தனை நிதானம்.

மருந்து இமிடாக்ளோபிரிட் 30.5 எஸ்சி (தண்ணீரில் கலக்கும் 30.5 சதவீதத் திரவம்). லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. சீல் பிரிக்காத டப்பாவை நம் கண்முன் பிரிக்கச் சொல்ல வேண்டும், காலாவதித் தேதி பார்க்க வேண்டும், அளவுக் குடுவையில் அளந்து கலக்கச் சொல்ல வேண்டும். இந்த மருந்துக்கு வாடை இல்லை. கரையானுக்கும் இது இருப்பது தெரியாது, மேலே பட்டுக்கொண்டு போய்ப் புற்றில் மற்றவற்றுக்கும் கடத்தும். அதனால் மருந்து வைத்த பிறகும் சில வாரம் அங்கொன்று இங்கொன்றாகத் தெரிந்தால் வேலை வீண் என்று நினைக்க வேண்டாம். மரத்துக்கு மண்ணெண்ணெய் கலந்த மருந்து தடவலாமா என்று கேட்டார்கள். வேண்டாமென்றேன். வாடை பல நாள் நிற்கும், செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் பட்டால் மஞ்சள் கறை போகவே போகாது.

கிணறு இன்னொரு முக்கியமான விஷயம். நம் வீடுகளில் பின்கட்டில் கிணறு இருக்கும், மழைநீரும் அதற்குத்தான் போகும். இந்த மருந்து நீரில் வாழும் உயிர்களுக்கும் தேனீக்கும் கேடு. மண்ணில் விடுகிற மருந்தைக் கிணற்றுப் பக்கத்தில் விடவே கூடாது. கிணற்றடிச் சுவரில் ஒரு துளைகூடப் போடவிடவில்லை. அந்தப் பக்கம் மரத்தைக் காப்பாற்ற வேறு வழி: வெண்காரம் (போராக்ஸ்) 3 பங்கு, போரிக் பவுடர் 2 பங்கு, வெந்நீரில் கரைகிற அளவுக்குக் கரைத்து, பெயின்ட் சுரண்டிய மரத்தில் சூட்டோடு தூரிகையால் பூசி, காய்ந்ததும் மறுபடி பூசினோம். உளுவுக்கும் இது கேட்கும். மழை படாத மரத்துக்கு மட்டும்தான் உதவும், நனைந்தால் கரைந்து போய்விடும். பூசும்போது கையுறை வேண்டும், குழந்தைகள் எட்டுகிற இடத்தில் கரைசலை வைக்கக் கூடாது.

வெளிச்சுவரை ஒட்டி, கிணற்றுப் பக்கம் தவிர மற்ற இடங்களில், அரையடிக்கு ஒன்றாகக் கம்பியால் ஓரடி ஆழத்துக்குக் குத்தி மருந்து விட்டார்கள். பரணின் மாம்பலகைகளை மொத்தமாக இறக்கிவிட்டு, கருங்கல் பலகை போட்டோம். நிலைக்குப் பின்னால் தின்னப்பட்ட ஆப்புக் கட்டைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காரையும் செங்கல் துண்டும் அடைத்தோம். சுவர்த் துளைகளைச் சுண்ணாம்புக் காரையால் மூடி, மேலே வெள்ளையடித்தாயிற்று.

வீடு காலியாக இருந்தபோதே புது ஒப்பந்தத்தை எழுதினோம். பூச்சித்தொல்லைக்கென்று ஒரு பத்தி சேர்த்தோம், அப்படியே தருகிறேன்:

"கரையான், உளு, மற்றும் கட்டடத்தின் ஓட்டை, விரிசல் வழியாக வரும் எலி ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு உரிமையாளரைச் சேரும். சமையலறைக் கரப்பான், எறும்பு, குடியிருப்பவரின் சாமான்களோடு வந்த மூட்டைப்பூச்சி ஆகியவை குடியிருப்பவரைச் சேரும். மண்பாதை, ஈரம், ஈசல் எதைக் கண்டாலும் குடியிருப்பவர் 7 நாளுக்குள் எழுத்தில் அல்லது வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த 15 நாளுக்குள் உரிமையாளர் வேலையைத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டாலோ, வேலைக்காக வீட்டைக் காலி செய்ய நேர்ந்தாலோ, குறைந்தபட்சக் காலம் குறித்த விதி பொருந்தாது. முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்."

எலியைப் பிரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. பொறி வைத்துப் பிடிப்பது யாரும் செய்யலாம், ஆனால் சாக்கடைத் துவாரத்துக்குக் கம்பிவலை போடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வலை போட வேண்டியது வீட்டுக்காரர். கரப்பானை மறுபக்கம் வைத்தது, அது சமையலறையைப் புழங்குகிற விதத்தோடு போகும் என்பதால்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தோம். பதினொரு மாதம்தானே, பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கம் இந்தச் சட்டத்துக்குப் பிறகு செல்லாது.

இப்போது ஒரு பெரியவரும் ஆச்சியும் குடியிருக்கிறார்கள். குடிவரும் முன்பே நடந்ததைச் சொல்லி, எந்தெந்தச் சுவரில் துளை போட்டது, கிணற்றடியில் ஏன் போடவில்லை என்பதைக் கையால் வரைந்த ஒரு படத்தில் குறித்து, மருந்துக்காரரின் உத்தரவாதச் சீட்டு நகலோடு ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். சுவரோரம் ஒரு சாண் இடம் விட்டுப் பெட்டிகளை அடுக்கச் சொன்னோம். ஆச்சி ஒருபடி மேலே போய், எல்லாப் பெட்டியையும் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டார்.